கணினிக் கேள்வி பதில்: ஓடும் நிரலில் ஸ்டாக்கின் ஆழம்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் அழைப்பு ஸ்டாக் (இன்னும் முடியாத செயற்கூறு அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் நினைவிடம்) எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை அறிவது குறித்து இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், அவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மரவடிவத் தரவு ஒன்றைத் தற்சுழற்சி முறையில் (செயற்கூறு தன்னையே அழைக்கும் முறையில்) அலசும் பைத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அழைப்பிலும் ஆழத்தை அச்சிடுவதற்காக, இன்ஸ்பெக்ட் தொகுதியின் ஸ்டாக் செயற்கூறு தரும் பட்டியலின் நீளத்தை எடுக்கிறேன். எண் கிடைக்கிறது, ஆனால் நிரல் ஊர்ந்து செல்கிறது. முதல் அழைப்பிலேயே ஆழம் 1 என்று வராமல் பெரிய எண் வருவதும் புரியவில்லை.

பதில்: இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். உங்கள் செயற்கூறு அழைக்கப்படுவதற்கு முன்பே ஸ்டாக்கில் வேறு சிலர் இடம்பிடித்திருக்கிறார்கள். நிரலைக் கட்டளை வரியிலிருந்து நேரடியாக ஓட்டினால் அது ஓரிரு ஃபிரேம்களோடு (ஓர் அழைப்புக்கென ஸ்டாக்கில் ஒதுக்கப்படும் பகுதியே ஃபிரேம்) நின்றுவிடும்; ஜுப்பிட்டர் நோட்புக்கிலோ, சோதனைக் கருவி ஒன்றின் வழியாகவோ, வலைச் சட்டகம் ஒன்றுக்குள்ளோ ஓட்டினால் அந்தக் கருவிகளின் ஃபிரேம்களும் கணக்கில் சேரும். ஆகவே தற்சுழற்சி தொடங்கும் இடத்தில் ஒருமுறை ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் வரும் எண்களிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். அழைப்பு ஆழத்துக்குப் பைத்தான் வைக்கும் இயல்பான எல்லை 1000 ஆக இருந்தும் உங்கள் செயற்கூறு 1000 முறை உள்ளே செல்வதற்கு முன்பே ரிகர்ஷன் எர்ரர் வருவதற்கும் இதுவே காரணம்.

வேகம் குறைவதற்கு வருவோம். நீங்கள் பயன்படுத்தும் செயற்கூறு, ஃபிரேம்களை எண்ணித் தருவதற்காக உருவானதன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அது எந்தக் கோப்பில், எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த மூல வரியையும் படித்து எடுத்துவந்து தருவதற்காக உருவானது. அந்த விவரம் எதுவும் உங்களுக்கு வேண்டாம்; எண்ணிக்கை மட்டும் போதும். சிஸ் தொகுதியில் அடிக்கோட்டுடன் தொடங்கும் கெட்ஃபிரேம் என்ற செயற்கூறு நடப்பு ஃபிரேமைத் தரும். அதன் எஃப்-பேக் என்னும் பண்பு, அழைத்தவரின் ஃபிரேமைக் காட்டும். வெறுமை வரும்வரை அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்து எண்ணினால் ஆழம் கிடைக்கும். இது முன்னதைவிடப் பல மடங்கு மலிவானது.

ஆயினும் இதையும் ஒவ்வொரு அழைப்பிலும் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. ஆழம் 10,000 வரை போகும் நிரலில், ஒவ்வொரு படியிலும் அடிவரை நடந்து எண்ணினால், மொத்த நடை ஏறத்தாழ 5 கோடி படிகளாகிவிடும். செய்ய வேண்டிய வேலையோ 10,000 அழைப்புகள்தாம். மேலும், பைத்தான் 3.11 முதல் ஃபிரேம் பொருள்கள் தேவை எழும்போதுதான் உருவாக்கப்படுகின்றன. நீங்கள் சங்கிலியைப் பிடித்து நடந்தால், உருவாகாமலே போயிருக்கக்கூடிய பொருள்கள் அனைத்தும் உருவாக்கப்படும்.

உங்கள் தேவைக்குப் பொருத்தமான வழி, ஆழத்தைச் செயற்கூறின் கூடுதல் அளபுருவாக அனுப்பிக்கொண்டே போவதுதான்: முதல் அழைப்பில் 1, உள்ளே செல்லும் ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கூடுதல். இதில் குறைத்துக்கொள்ள மறக்கும் பேச்சே இல்லை. செயற்கூறின் வடிவத்தை மாற்ற முடியாத நிலையில் மட்டும் பொதுவான எண்ணி ஒன்றை வைத்து, நுழையும்போது கூட்டி, வெளியேறும்போது குறைக்கலாம். அப்போது குறைக்கும் வரியைக் கட்டாயம் ஃபைனலி பகுதியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், விதிவிலக்கு ஒன்று நடுவில் எழுந்து பல அழைப்புகளைத் தாண்டி வெளியே வரும்போது எண்ணி கூடிய நிலையிலேயே நின்றுவிடும். பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணி வேண்டும். அசிங்க் செயற்கூறுகளில் இந்த எண்ணியை நம்பவே வேண்டாம். அவெய்ட் செய்து காத்திருக்கும் நேரத்தில் வேறொரு பணி வந்து அதே எண்ணியைக் கூட்டிவிட்டுப் போகும்.

கேள்வி: சி++ மொழியில் எழுதிய பாகுபடுத்தி (பார்சர்) ஒன்று என் உபுண்டு கணினியில் மிக ஆழமான உள்ளீடுகளையும் தாங்குகிறது. அதையே ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டினால், சாதாரண உள்ளீட்டுக்கே செக்மென்டேஷன் ஃபால்ட் (தகாத நினைவிடத்தைத் தொட்ட பிழை) என்று விழுகிறது. பாகுபடுத்தும் வேலை தனி த்ரெட்டில் நடக்கிறது. இரண்டு இடங்களிலும் அழைப்புகளின் எண்ணிக்கையை அளந்தேன். ஒரே எண்தான் வருகிறது. அப்படியானால் பிழை வேறு எங்கோ இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டியதில்லை. நீங்கள் அளந்தது சரியான எண், ஆனால் இந்தச் சிக்கலுக்கு உதவாத எண். ஸ்டாக்கின் ஆழம் என்று நாம் பேசுவதற்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. எத்தனை அழைப்புகள் முடியாமல் நிற்கின்றன என்பது ஒன்று. அவை எத்தனை பைட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது மற்றொன்று. நிரலின் தர்க்கத்தைப் புரிந்துகொள்ள முதல் அளவு போதும். பைத்தான் போன்ற மொழியில் எல்லை அழைப்புகளின் எண்ணிக்கையில் வைக்கப்பட்டிருப்பதால் அங்கே நிரல் நிற்பதையும் அதுவே தீர்மானிக்கும். சி, சி++ நிரல்களை வீழ்த்துவது எப்போதும் இரண்டாவது அளவுதான்.

லினக்ஸில் முதன்மை த்ரெட்டின் ஸ்டாக் வழக்கமாக 8 எம்பி வரை வளரலாம். ஓர் அழைப்புக்கு 64 பைட் மட்டும் எடுக்கும் செயற்கூறு அந்த இடத்துக்குள் 1,31,072 முறை உள்ளே செல்லலாம். உள்ளே 4 கேபி அளவில் எழுத்து அணி ஒன்றை அறிவித்துவிட்டால் 2,048 முறையைக்கூட எட்டாது. உபுண்டுவில் உள்ள ஜிலிப்சி நூலகம், புதிய த்ரெட்களுக்கும் அந்த 8 எம்பி அளவையே வழக்கமாகத் தருகிறது. ஆல்பைன் பயன்படுத்துவது மசல் என்னும் வேறொரு நூலகம். அது புதிய த்ரெட்டுக்குத் தருவது 128 கேபி, அதாவது 64-இல் ஒரு பங்கு. விண்டோஸில் இயல்பான அளவு 1 எம்பி. மேக் கணினிகளில் முதன்மையல்லாத த்ரெட்டுக்கு 512 கேபி. ஒரே மூல நிரல் ஓரிடத்தில் நின்று வேறிடத்தில் விழுவதற்கு இந்த வேறுபாடுகளே போதும்.

பைட்டுகளை அளக்கச் சிக்கனமான வழி உண்டு. த்ரெட் தொடங்கும் செயற்கூறில் உள்ளூர் மாறி ஒன்றின் முகவரியை முழு எண்ணாக மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் உள்ள செயற்கூறிலும் அவ்வாறே உள்ளூர் மாறி ஒன்றின் முகவரியை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காணுங்கள். எக்ஸ்86, ஆர்ம் ஆகிய இரு வகைச் செயலிகளிலும் ஸ்டாக் கீழ்நோக்கி வளர்வதால் இரண்டாவது முகவரி சிறியதாக இருக்கும். சுட்டிகளாகவே வைத்துக் கழிக்கக் கூடாது. தொடர்பில்லாத இரு மாறிகளின் சுட்டிகளைக் கழிப்பதற்கு மொழியின் வரையறை பொருள் தரவில்லை. கண்ட வேறுபாடுகளுள் மிகப் பெரியதை மட்டும் நினைவில் வைத்திருந்தால், ஒரு கழித்தலும் ஓர் ஒப்பீடும்தான் ஒவ்வோர் அழைப்பின் கூடுதல் செலவு. நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசருடன் தொகுத்த நிரலில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்: அது உள்ளூர் மாறிகளைப் போலி ஸ்டாக் ஒன்றுக்கு மாற்றி வைக்கக்கூடும், அப்போது கிடைக்கும் வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் இராது.

எந்தச் செயற்கூறு அதிக இடம் தின்கிறது என்று அறிய, ஜிசிசி கம்பைலரில் ஸ்டாக்-யூஸேஜ் என்ற தேர்வு உண்டு. அதைக் கொடுத்துத் தொகுத்தால், ஒவ்வொரு செயற்கூறின் ஃபிரேமும் எத்தனை பைட் என்று எழுதிய சிறு கோப்பு கிடைக்கும். பெரும்பாலும் யாரோ வசதிக்காக உள்ளூரில் அறிவித்துவைத்த பெரிய அணி ஒன்று அதில் பளிச்சென்று தெரியும். அதை ஹீப்புக்கு (ஸ்டாக்குக்கு வெளியே நிரல் கேட்டுப் பெறும் நினைவகத்துக்கு) மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். அதன்பின்னும் இடம் போதாவிட்டால் த்ரெட்டின் ஸ்டாக்கைப் பெரிதாக்கலாம். சி++ தரநூலகத்தின் த்ரெட் வகுப்பில் அளவைக் குறிப்பிட வழி இல்லை; பிதிரெட் பண்புகளின் வழியாகவோ, மசலைப் பொறுத்தவரை லிங்க்கருக்குத் தரும் ஸ்டாக்-சைஸ் தேர்வின் வழியாகவோ அதைச் செய்ய வேண்டும்.

கேள்வி: ஜிசிசி கம்பைலரில் ஓ2 மேம்படுத்தலுடன் தொகுத்த சி நிரல் ஒன்று, பல லட்சம் முறை தன்னையே அழைத்தும் விழாமல் ஓடியது. ஆழத்தை அறிய, செயற்கூறின் தொடக்கத்தில் எண்ணியைக் கூட்டி, முடிவில் குறைக்கும் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். இப்போது நிரல் விழுகிறது. ஓர் எண்ணி அவ்வளவு இடத்தையா எடுக்கும்?

பதில்: எண்ணி எடுத்த இடம் நான்கு பைட்தான். அது கெடுத்தது வேறொன்றை. உங்கள் செயற்கூறு தன்னை அழைத்தது, கடைசிச் செயலாக. அழைத்துத் திரும்பியபின் செய்வதற்கு வேலை எதுவும் இல்லாதபோது, பழைய ஃபிரேமை வைத்திருக்கத் தேவையில்லை என்று கம்பைலர் கண்டுகொள்கிறது. புதிய ஃபிரேம் அமைக்காமல் அதே இடத்தை மீண்டும் பயன்படுத்தி, அழைப்பை வெறும் தாவலாக மாற்றிவிடுகிறது. ஓ2 நிலையில் ஜிசிசி இதைத் தானாகவே செய்யும். பல லட்சம் அழைப்புகள் நடந்தும் ஸ்டாக் ஓரடிகூட வளராமல் நின்றது அதனால்தான்.

நீங்கள் முடிவில் சேர்த்த குறைக்கும் வரி, அழைப்புக்குப் பின் ஒரு வேலையை உண்டாக்கிவிட்டது. அழைப்பு இப்போது கடைசிச் செயல் அன்று. ஆகவே ஒவ்வொரு ஃபிரேமும் காத்திருந்தாக வேண்டும். ஆழத்தை அளக்க வந்த வரிகளே, இல்லாத ஆழத்தை உண்டாக்கிவிட்டன. உள்ளூர் மாறியின் முகவரியை வெளியே சேமிக்கும் முறையும் இதே தீங்கைச் செய்யக்கூடும். முகவரி வெளியே போய்விட்ட மாறி உயிரோடு இருக்க வேண்டுமென்று கம்பைலர் கருத நேரும். இங்கும் ஆழத்தை அளபுருவாக அனுப்புவதே பாதுகாப்பானது, ஏனெனில் அது அழைப்பைக் கடைசிச் செயலாகவே இருக்க விடுகிறது. ஆனால் அதில் கிடைக்கும் எண், எத்தனை முறை அழைப்பு நடந்தது என்பதைத்தான் சொல்லும். ஸ்டாக்கில் எத்தனை ஃபிரேம்கள் நிற்கின்றன என்பதை அன்று. மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்து அளந்த எண்ணை வைத்துக்கொண்டு, வெளியிடப்போகும் நிரலைப் பற்றி முடிவு கட்டுவதும் இதே காரணத்தால் தவறாகும். சிறு செயற்கூறுகளைக் கம்பைலர் அழைத்தவருக்குள்ளேயே விரித்து எழுதிவிடுவதும் உண்டு. அப்போது மூல நிரலில் தெரியும் அழைப்புக்கு ஸ்டாக்கில் தனி ஃபிரேமே இராது.

கேள்வி: ஜாவாவில் நடப்பு த்ரெட்டின் ஸ்டாக் ட்ரேஸ் (முடியாமல் நிற்கும் அழைப்புகளின் பட்டியல்) அணியை எடுத்து அதன் நீளத்தை ஆழமாகக் கொள்கிறேன். எண் 1024-ஐத் தொட்டதும் அசையாமல் நின்றுவிடுகிறது. நிரலோ அதற்குப் பிறகும் ஓடுகிறது.

பதில்: நின்றது உங்கள் நிரல் அன்று, அளவுகோல். ஹாட்ஸ்பாட் மெய்நிகர் எந்திரம், ஒரு ட்ரேஸில் பதியும் வரிகளை இயல்பாக 1024-உடன் நிறுத்திக்கொள்கிறது. மேக்ஸ்-ஜாவா-ஸ்டாக்-ட்ரேஸ்-டெப்த் என்ற தேர்வால் அதை உயர்த்தலாம். 0 என்று கொடுத்தால் எல்லாவற்றையும் பதியும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எர்ரர் வரும்போது, முடிவற்ற தற்சுழற்சியை முதலில் தொடங்கிவைத்தது யார் என்று ட்ரேஸில் காண முடியாமல் போவதும் இதனால்தான்: பதியப்படுபவை அண்மைய 1024 வரிகள், வெட்டப்படுவது தொடக்கம்.

ஆழத்தை மட்டும் அறிய, 2017-இல் வெளிவந்த ஜாவா 9 முதல் ஸ்டாக்-வாக்கர் என்ற வகுப்பு இருக்கிறது. அது ஃபிரேம்களை ஒவ்வொன்றாகத் தருவதால், அணி எதையும் கட்டாமல் எண்ணிக்கொள்ளலாம். 1024 என்ற வரம்பும் அதற்கு இல்லை. ஆனால் ஜாவாவில் இந்த எண்ணை இடத்தோடு நேராகப் பொருத்திப் பார்க்க முடியாது. தொடக்கத்தில் இன்டர்ப்ரெட்டர் வழியாக ஓடும் செயற்கூறு, பலமுறை அழைக்கப்பட்டபின் எந்திர மொழிக்குத் தொகுக்கப்படுகிறது. தொகுக்கப்பட்ட ஃபிரேம் பெரும்பாலும் சிறியது. ஆகவே முதல் ஓட்டத்தில் ஓர் ஆழத்தில் நிரம்பிய அதே ஸ்டாக், சற்று நேரம் கழித்து அதைவிட அதிக ஆழம் வரை தாங்குவதைக் காணலாம்.

இப்படி வெட்டும் அளவுகோல்கள் வேறு இடங்களிலும் உண்டு. குரோம் உலாவியிலும் நோட் சூழலிலும் உள்ள வி8 எந்திரம், பிழைப் பொருளின் ட்ரேஸில் இயல்பாக 10 வரிகளை மட்டுமே வைக்கும். எர்ரர் பொருளின் ஸ்டாக்-ட்ரேஸ்-லிமிட் பண்பை உயர்த்தினால்தான் மற்றவை தெரியும். லினக்ஸில் நிரலின் வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவிக்கு இயல்பான வரம்பு 127. ஆழம் என்று கிடைக்கும் எண் 10, 127, 1024 என்று வந்து நின்றால், நிரலை ஆராயும் முன் கருவியின் வரம்பைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவை நிரல் ஒன்று பதில் தராமல் நிற்கிறது. நிறுத்தவும் கூடாது, மூல நிரலை மாற்றவும் முடியாது. வெளியிலிருந்து ஆழத்தைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். சி, சி++ நிரலானால் ஜிடிபி என்னும் பிழைதிருத்தக் கருவியைச் செயல் எண் (பிஐடி) கொடுத்து இணைக்கலாம். பேக்ட்ரேஸ் கட்டளையை அப்படியே கொடுத்தால், தற்சுழற்சியில் மாட்டிய நிரல் பல்லாயிரம் வரிகளைத் திரையில் கொட்டும். அதே கட்டளையோடு கழித்தல் 1 என்று சேர்த்துக் கொடுத்தால், மிக வெளியே உள்ள ஃபிரேமை மட்டும் அதன் எண்ணோடு காட்டும். எண்கள் 0-இல் தொடங்குவதால், அதனுடன் ஒன்றைக் கூட்டினால் ஆழம். ஜிடிபி இணைந்திருக்கும் நேரம் முழுவதும் நிரல் நின்றிருக்கும் என்பதை மறக்க வேண்டாம், பார்த்ததும் பிரித்துவிடுங்கள். உபுண்டுவில் இயல்பான பாதுகாப்பு அமைப்பின்படி, நீங்களே தொடங்கிய நிரலானாலும் இவ்வாறு பின்னர் இணைக்க ரூட் அனுமதி தேவைப்படும்.

இதே வேலைக்குப் பைத்தான் நிரலுக்கு பை-ஸ்பை, ஜாவாவுக்கு ஜே-ஸ்டாக் ஆகிய கருவிகள் உண்டு. இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள்: ஒவ்வொரு முறையும் ஆழம் கூடிக்கொண்டே போனால் அது கட்டுப்பாடிழந்த தற்சுழற்சி, அதே ஃபிரேம்களே அசையாமல் நின்றால், பூட்டு ஒன்றுக்காகவோ வலைப் பதிலுக்காகவோ காத்திருக்கிறது, அப்போது ஆழத்தை ஆராய்வதில் பயனில்லை.

நிரலைச் சற்றும் தொந்தரவு செய்யாத வழி ஒன்றும் லினக்ஸில் உண்டு. ப்ராக் கோப்புமுறையில், அந்தச் செயல் எண்ணின் ஸ்டேட்டஸ் கோப்பில் வி-எம்-எஸ்-டி-கே என்ற வரி, முதன்மை த்ரெட்டின் ஸ்டாக்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் முகவரிப் பரப்பைக் கேபியில் சொல்லும். அந்தப் பரப்பு தேவைக்கேற்ப வளரும். தேவை தீர்ந்தபின் சுருங்காது. ஆகவே அது இந்தக் கணத்தின் ஆழத்தைக் காட்டுவதன்று, வெள்ளம் வடிந்தபின் பாலத்தூணில் நிற்கும் கறையைப்போல இதுவரை எட்டிய உச்சத்தைக் காட்டுவது. சின்னஞ்சிறு நிரலுக்கும் அது 132 கேபி அளவில் காட்டுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். கர்னல் தொடக்கத்திலேயே அவ்வளவு விரித்து வைத்துவிடும். மற்ற த்ரெட்களின் ஸ்டாக் இந்த வரியில் சேராது.

கேள்வி: ஈஎஸ்பி32 என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளத்தின் வழியாக ஓடும் பணி ஒன்றுக்கு எவ்வளவு ஸ்டாக் ஒதுக்குவது என்று எப்படி முடிவு செய்வது? அங்கே ஜிடிபி எல்லாம் எட்டாத தொலைவு.

பதில்: சிறு பலகைகளில் பழைய உத்தி ஒன்றையே ஃப்ரீஆர்டிஓஎஸ் கையாள்கிறது. பணியை உருவாக்கும்போது அதன் ஸ்டாக் முழுவதையும் பதினறும எண்முறையில் ஏ5 என்னும் பைட்டால் நிரப்பிவைக்கிறது. பணி ஓட ஓட, தொட்ட இடங்களில் அந்த மதிப்பு அழியும். கடைக்கோடியிலிருந்து எத்தனை ஏ5 இன்னும் அழியாமல் தொடர்ச்சியாக இருக்கின்றன என்று எண்ணினால், இதுவரை ஒருபோதும் பயன்படாத மிச்சம் தெரியும். டாஸ்க்-கெட்-ஸ்டாக்-ஹை-வாட்டர்-மார்க் என்ற செயற்கூறு தருவது அந்த மிச்சத்தைத்தான். எண் சிறுக்கச் சிறுக்க அபாயம் நெருங்குகிறது என்று பொருள்.

இந்த முறை ஸ்டாக் பயன்பாட்டைக் குறைத்துச் சொல்லக்கூடும். செயற்கூறு ஒன்று 512 பைட் அணியை ஒதுக்கிக்கொண்டு, அதில் சில பைட்டுகளை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பினால், தொடாத பகுதியில் ஏ5 அப்படியே இருக்கும். ஒதுக்கியும் அது மிச்சமாகவே எண்ணப்படும். சோதனையின்போது நடக்காத பிழைப் பாதைகளும் கணக்கில் வாரா. பிழைச் செய்தியை வடிவமைத்து அச்சிடும் வரிகளே பெரும்பாலும் அதிக ஸ்டாக் தின்பவை. ஆகவே அந்தப் பாதைகளை வேண்டுமென்றே தூண்டி ஓடவிட்டபின்தான் மிச்சத்தைப் படிக்க வேண்டும். பணிக்குள் தற்சுழற்சி இருந்தால் எந்தச் சோதனையும் உச்சத்தைக் கண்டதாக உறுதி தர இயலாது. வாகன மென்பொருளில் பின்பற்றப்படும் மிஸ்ரா சி 2012 நெறிகளில் 17.2-ஆம் விதி, செயற்கூறு தன்னை நேராகவோ சுற்றிவந்தோ அழைப்பதையே விலக்குகிறது. விலக்கிவிட்டால் மிக ஆழமான பாதையை, நிரலை ஓட்டாமலே ஃபிரேம் அளவுகளைக் கூட்டிக் கணக்கிட்டுவிடலாம்.

ஈஎஸ்பி32-க்கே உரிய எச்சரிக்கை ஒன்று: பொதுவான ஃப்ரீஆர்டிஓஎஸ் ஸ்டாக் அளவையும் மிச்சத்தையும் சொற்களில் கணக்கிடுகிறது, 32-பிட் செயலியில் ஒரு சொல் 4 பைட். ஈஎஸ்பி32-க்கான நிரலாக்கத் தொகுப்பான ஈஎஸ்பி-ஐடிஎஃப் தரும் வடிவமோ இரண்டையும் பைட்டில் கணக்கிடுகிறது. வேறு பலகைக்காக எழுதிய நிரலில் 1024 என்று இருப்பதை அப்படியே எடுத்துவந்தால், அங்கே 4 கேபி பெற்ற பணிக்கு இங்கே 1 கேபிதான் கிடைக்கும்.